நிற்காமல் எழுதியவள்

தனலட்சுமி ஒரு இடத்திலும் நிற்கவில்லை. அதுதான் அவள் செய்த குற்றம்.

கூட்டுறவுச் சங்க உதவியாளர் தேர்வில் முதல் கேள்வியைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டதாம். உருப்போட்டு வைத்திருந்த பக்கம் அப்படியே வந்திருந்தது. டேப்லெட்டின் மேல் பேனாவை வைத்தவள் கடைசி வரி முடிகிற வரைக்கும் எடுக்கவில்லை. பக்கத்து மேசைப் பெண் திரும்பித் திரும்பிப் பார்த்தாளாம். பார்க்கட்டும் என்று இன்னும் வேகமாக எழுதியிருக்கிறாள்.

முற்றுப்புள்ளி வைத்த நொடியில் திரையின் ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்த மெல்லிய பச்சைக் கோடு பழுப்பானது. கண்காணிப்பாளர் வந்து குனிந்து பார்த்தார். "நீங்க வெளிய போகலாம்மா" என்றார். மறுநாள் கைப்பேசிக்குச் செய்தி வந்தது. 'இது எழுதியவரின் சொந்தச் சிந்தனை என்று சான்றளிக்க இயலவில்லை. ஒருமுறை மட்டும் மறுதேர்வு எழுதலாம். அதிலும் சான்று கிடைக்காவிட்டால் இனி எந்தத் தேர்வுக்கும் விண்ணப்பிக்க இயலாது.'

"உன் கம்பெனிதான இது?"

பூங்கோதை தோளிலிருந்து பையைக்கூட இறக்கவில்லை. பெருங்குடியில் பஸ் ஏறி, கிளாம்பாக்கத்தில் மாறி, செஞ்சியில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்துக்கொண்டு வந்திருந்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும் அண்ணி தனலட்சுமி கைப்பேசியை அவள் மூஞ்சிக்கு நேராக நீட்டினாள். கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது.

"எங்க கம்பெனிதான் அண்ணி."

"அப்ப சொல்லு. நான் யாரப் பார்த்து எழுதுனேன்? எவ மடியில வச்சிருந்தா, எட்டிப் பார்த்தேன்?"

வாசலில் வண்டிச் சாவியோடு நின்றிருந்த அண்ணன் ஏழுமலை, "வந்ததும் வராததுமா ஆரம்பிச்சிட்டியா? மொதல்ல டீயப் போட்டுக் குடு" என்றான். பொக்லைன் ஓட்டுகிறவன். வாரம் முழுக்க அந்தச் சத்தத்தில் இருப்பதால் வீட்டிலும் கத்தித்தான் பேசுவான்.

"நீ போயி உன் பள்ளத்தத் தோண்டு. இது எங்களுக்குள்ள."

பூங்கோதை சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்தாள். மணிக்கட்டு வலித்தது. அவளுடைய வேலையே அதுதான். 'தாள்' என்ற அந்தச் செயலியில் நாள் முழுக்க எழுதிப் பார்க்க வேண்டும். பேனா வழுக்குகிறதா, கொம்பும் சுழியும் ஒழுங்காக விழுகிறதா, எழுதுகிறவன் கை எங்கே நின்றது, எவ்வளவு நேரம் நின்றது என்பதைச் செயலி சரியாகப் பிடிக்கிறதா என்று பார்த்துப் பார்த்துச் சீர்செய்ய வேண்டும். அந்த வீட்டில் முதலில் கல்லூரி வாசல் மிதித்தவள், படித்துப் படித்துக் கடைசியில் பார்ப்பது எழுதுகிற வேலை. அம்மா இருந்திருந்தால் சிரித்திருப்பாள்.

"கண்ணாடி போட்டுக்கிட்டு வர்றவங்களப் பிடிக்கத்தான் அண்ணி இத செஞ்சது."

"நான் எங்க கண்ணாடி போட்டேன்? எனக்குக் கண்ணு நல்லாத்தான தெரியுது."

"அந்தக் கண்ணாடி இல்ல. அதுக்குள்ளயே எழுத்து ஓடும். கேள்விய அதுவே படிச்சு, பதிலையும் அதுவே தயாரிச்சு, கண்ணு முன்னாடி காட்டிடும். பார்த்து எழுத வேண்டியதுதான். கண்ணாடியப் பிடுங்குனாங்க. உடனே கண்ணுக்குள்ள ஒட்டிக்கிற லென்ஸா வந்துடுச்சு. ஒவ்வொருத்தர் கண்ணையும் நோண்டிப் பாக்க முடியுமா? அதான் கையப் பாக்கறோம்."

"கையில இன்னா தெரியும்?"

"சொந்தமா யோசிச்சு எழுதறவங்க நிப்பாங்க. ஒரு வார்த்தைக்கு முன்னாடி நிப்பாங்க, எழுதுனத அடிப்பாங்க, மறுபடி போவாங்க. பார்த்து எழுதறவன் கை அப்படி நிக்காது. ஒரே சீரா ஓடும்."

தனம் கிரைண்டரை நிறுத்தினாள். வீடு திடீரென்று அமைதியானது.

"பார்த்து எழுதுனா ஓடும். சரி, ஒத்துக்கறேன். பாக்காமலே ஓடுனா?"

பூங்கோதை மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டாள்.

பதில் தெரியும். சொல்ல வாய் வரவில்லை. கோட்டைப் பழுப்பாக்குகிற கைகளை அவள் நாலைந்து மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பார்த்த முதல் நாளே புரிந்துவிட்டது. அந்த ஓட்டம் அவளுக்குத் தெரியாதா? பத்தாம் வகுப்பில் இங்கிலீஷ் தாளை அவள் அப்படித்தான் எழுதினாள். அர்த்தம் தெரியாது. கட்டுரையில் ஒரு வார்த்தை விட்டுப்போனால் அடுத்த வார்த்தை வராது. அதனால் மூச்சு விடாமல் எழுத வேண்டும். சார் நோட்ஸை வாசிப்பார், மொத்த வகுப்பும் கத்தும், சாயங்காலம் ஒப்பிக்காமல் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. பள்ளிக்கூடத்துக்குத் தேர்ச்சி விகிதம் வேண்டும், பிள்ளைகளுக்கு மார்க் வேண்டும், யோசிப்பதற்கு யாருக்கும் நேரம் இல்லை. அது நல்ல படிப்பு என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் அந்த ஒரு வாசல்தான் திறந்திருந்தது. அதன் வழியாகத்தான் அவள் வெளியே வந்தாள். இப்போது அந்த வாசலில் நின்று, வருகிறவர்கள் முகத்தில் பழுப்புப் பூசுகிற வேலைக்கு அவளுக்கே சம்பளம்.

தனம் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது பூங்கோதை ஒன்பதாம் வகுப்பு. கல்யாணத்தோடு நின்றுபோன படிப்பைத் தனம் தபாலில் முடித்தாள். மாவாட்டும்போதும், பிள்ளையைக் குளிப்பாட்டும்போதும், நூறு நாள் வேலைக்குப் போகும்போதும் வாய் முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். வயசு வரம்பில் இதுதான் கடைசி வருசம்.

"திங்கக்கெழம போயி பேசறேன் அண்ணி" என்றாள்.

"பேசறதுன்னா பொறுமையா பேசு. எடுத்தேன் கவுத்தேன்னு பேசிட்டு வராத."

*

ரகுநந்தன் கெட்டவன் இல்லை. அதுதான் பூங்கோதைக்குக் கடுப்பு. 'தாள்' முழுவதும் அவன் பொறுப்பு. குரலை உயர்த்த மாட்டான். யாருடைய பிறந்தநாளையும் மறக்க மாட்டான். அவன் மேசைக்குப் பின்னால் சுவரில் கொட்டை எழுத்தில் ஒரு வாசகம் ஒட்டியிருந்தது: 'பச்சை என்றால் பேச்சில்லை.' தேர்வு வாரியத்துக்குச் செயலியை விற்றபோது அவனே எழுதியது. பச்சை வந்துவிட்டால் யாரும் மறுபடி கேள்வி கேட்கத் தேவையில்லை, மேல்முறையீடு இல்லை, விசாரணை இல்லை. வாரியத்துக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது.

பூங்கோதை தன் டேப்லெட்டை அவன் முன்னால் வைத்தாள். தமிழ்நாட்டு வரைபடம். பழுப்பு வந்த இடமெல்லாம் புள்ளி வைத்திருந்தாள்.

"பாருங்க ரகு. சென்னையில நாலு புள்ளி. கோயம்புத்தூர்ல விரல் விட்டு எண்ணலாம். விழுப்புரம், திருவண்ணாமலை, தர்மபுரி, ராமநாதபுரம்... இங்கெல்லாம் அம்ம போட்ட மாதிரி இருக்கு. இவ்வளவு பேரும் கண்ணுல லென்ஸ் போட்டாங்களா? லென்ஸ் விலை தெரியுமா உங்களுக்கு?"

ரகு வரைபடத்தைப் பார்த்தான். ஆச்சரியப்படவில்லை.

"உங்களுக்கு இது தெரியும்" என்றாள் அவள்.

"தெரியும் கோதை. மனப்பாடம்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? மனப்பாடமா எழுதற கையும் பார்த்து எழுதற கையும் ஒரே மாதிரிதான் ஓடுது. ரெண்டையும் பிரிக்க நாங்க முயற்சி பண்ணாம இல்ல. முடியல. மனப்பாடத்துக்கு வழி விட்டா லென்ஸும் அதே வழியில உள்ள வந்துடும்."

"செயலிக்குக் கையெழுத்து மாதிரி எடுத்தப்ப யார்கிட்ட எடுத்தீங்க? அடையாறுல ரெண்டு ஸ்கூல், நுங்கம்பாக்கத்துல ஒரு காலேஜ். 'லீவுக்கு எங்க போனீங்க, எழுதுங்க'ன்னு கேட்டிருக்கீங்க. அவன் ஊட்டியா கொடைக்கானலான்னு நின்னு நிதானமா யோசிச்சு எழுதியிருக்கான். அதுதான் மனுஷன் எழுதற லட்சணம்னு செயலிக்குச் சொல்லிக் குடுத்துட்டீங்க. எங்க ஊருல ஒருத்தரக் கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருந்தாலும்..." ரகு நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். "நான் ஒண்ணு கேக்கறேன், கோவப்படாத. மனப்பாடம் பண்ணது சொந்தச் சிந்தனையா? நேர்மையா சொல்லு."

நேர்மையாகச் சொன்னால் இல்லை. அது அவளுக்கும் தெரியும். அதனால்தான் இன்னும் கோபம் வந்தது.

"சொந்தச் சிந்தனை இல்ல. சொந்த உழைப்பு. உங்க கோடு அத லென்ஸோட ஒண்ணா சேத்து திருட்டுன்னு சொல்லுது."

"திருட்டுன்னு நாம சொல்லல. 'சான்றளிக்க இயலவில்லை'ன்னுதான் சொல்றோம்."

"ஊருல போயி அந்த வித்தியாசத்தச் சொல்லிப் பாருங்க. எங்க அண்ணிய இப்பவே 'பழுப்பு'ன்னு கூப்பிட ஆரம்பிச்சிட்டாங்க."

ரகு நிமிர்ந்து உட்கார்ந்தான். "உன் அண்ணியா? முன்னாடியே சொல்லியிருக்கலாமே. பதிவு எண்ணை அனுப்பு. ஒரு கேஸ்தானே, கையாலயே பச்சை ஆக்கிடறேன். யாருக்கும் தெரியாது."

கனிவாகத்தான் சொன்னான். உண்மையிலேயே உதவி செய்ய நினைத்தான். பூங்கோதை வரைபடத்தின் மேல் விரலை வைத்தாள்.

"அப்ப மீதிப் புள்ளியெல்லாம்?"

"கோதை..."

"வேணாம் ரகு. ஒருத்திக்கு மட்டும்னா வேணாம்."

டேப்பை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டாள். பஸ் நிறுத்தம் போகிற வரைக்கும் நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. அப்புறம் அண்ணிக்குப் போன் போட்டாள்.

நடந்ததைச் சொல்லி முடித்தாள்.

"பச்சை ஆக்கித் தர்றேன்னு அவரே சொன்னாரா?"

"ம்."

"நீ வேணாம்னுட்ட."

"எல்லாருக்கும் சேத்து கேட்டேன் அண்ணி. உனக்கு மட்டும் வாங்கிக்கிட்டா..."

"யாரக் கேட்டு வேணாம்னு சொன்ன? பரீட்ச எழுதுனவ நானா நீயா? ஊருக்கே நீதி வாங்கிக் குடுக்கறவ, அத உன் வேலைய வச்சு வாங்கிக் குடு. என் வேலைய வச்சு எதுக்கு வாங்கற?" குரல் உடைந்தது, உடனே சரியானது. "உன் கோவத்த வச்சு நான் இன்னா கொழம்பா வைக்கறது?"

போன் கட்டானது. பூங்கோதை மூன்று பஸ்ஸை விட்டுவிட்டு அங்கேயே நின்றிருந்தாள். திரும்பிப் போய் ரகுவிடம் எண்ணைக் கொடுக்கலாம். கால் போகவில்லை. அது மானமா வீம்பா என்று யோசிக்கவும் தெம்பில்லை.

*

அடுத்த சனிக்கிழமை ஊருக்குப் போனபோது பையில் ஆபீஸ் டேப் இருந்தது.

தனம் டீயைக் கொண்டுவந்து தரையில் ணங்கென்று வைத்தாள்.

"அண்ணி, உனக்கு நிக்கக் கத்துக்குடுக்கறேன்."

"இன்னாது?"

"எழுதும்போது நிக்க. யோசிக்கிற மாதிரி."

தனம் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "தெரியாதவ தெரிஞ்ச மாதிரி நடிக்கறத பார்த்திருக்கேன். தெரிஞ்சவ தெரியாத மாதிரி நடிக்கணுமா? நல்லாருக்குடி உங்க கம்பெனி." பிறகு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். "சரி, சொல்லு."

சொல்வது சுலபமாக இல்லை. "அங்கங்க நில்லு" என்றால் தனம் ஒவ்வொரு வரி முடிவிலும் அளந்து வைத்தது போல நின்றாள். கோடு பழுப்பு. "இஷ்டத்துக்கு நில்லு" என்றால் நிற்கவே வரவில்லை. வார்த்தை வார்த்தையை இழுத்துக்கொண்டு வந்தது. "ஒரு வார்த்தையத் தப்பா எழுதி அடி" என்றதற்குக் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"சரியா தெரிஞ்சத எதுக்குத் தப்பா எழுதணும்? அடிச்சா மார்க்கு கொறையும். எங்க டீச்சர் முட்டியிலயே போடுவாங்க."

"இப்ப அடிச்சாதான் மார்க்கு."

"இங்க பாரு கோதை, எனக்கு ஒரு வழிதான் தெரியும். எங்கெங்க நிக்கணும், எவ்வளவு நேரம் நிக்கணும், எத அடிக்கணும், எல்லாத்தையும் எழுதிக் குடு. அதையும் சேத்து மனப்பாடம் பண்ணிக்கறேன்."

பூங்கோதைக்குச் சிரிப்பு வந்தது. அண்ணியும் சிரித்துவிட்டாள். ஒரு வாரத்துக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது.

ஆனால் எங்கெங்கே நிற்பது என்று யாரைக் கேட்பது? பூங்கோதையின் கைவசம் ஒரே ஒரு கைதான் இருந்தது. கம்பெனியில் சேர்ந்த அன்று புதியவர்கள் எல்லாரையும் 'தாள்' செயலியில் ஒரு பக்கம் எழுதச் சொன்னார்கள். இங்கிலீஷில் எழுத வேண்டும். அவள் ஒவ்வொரு வாக்கியத்தையும் தமிழில் கட்டி, பிரித்து, இங்கிலீஷில் திருப்பி அடுக்கினாள். வினைச்சொல் வருகிற இடத்துக்கு முன்னால் நெஞ்சு அடைத்துக்கொண்டு நின்றாள். தப்பாகிவிடுமோ, பக்கத்தில் இருப்பவன் பார்ப்பானோ என்று அடித்து அடித்து எழுதினாள். ஓரம் முழுக்கப் பசேலென்று இருந்தது. 'மிக ஆழ்ந்த சிந்தனை' என்று செயலி மதிப்பிட்டிருந்தது. பயந்து நின்ற இடத்தையெல்லாம் அது சிந்தனைக் கணக்கில் சேர்த்துவிட்டது. அந்தப் பக்கத்தை மாதிரிக் கைகளில் ஒன்றாக இன்னமும் வைத்திருக்கிறார்கள்.

அந்தத் தயக்கங்களை அப்படியே எடுத்து அண்ணியின் பதில்களுக்கு மேல் பென்சிலால் குறித்தாள். சின்ன கோடு என்றால் சின்ன நிறுத்தம். பெரிய கோடு என்றால் ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம். பெருக்கல் குறி என்றால் தப்பாக எழுதி அடிக்க வேண்டும். தனம் மாவாட்டும்போது அதையும் சேர்த்து முணுமுணுத்தாள். நடுநடுவே வாய் சும்மா இருந்தது. வாசலில் போன பக்கத்து வீட்டுக்காரி, "இன்னா தனம், மறந்துபோச்சா?" என்று கேட்டாள்.

"மறக்கலக்கா. நிக்கறேன்."

*

மறுதேர்வில் பச்சை வந்தது. பேச்சில்லை. நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். அப்புறம் வேலை உத்தரவும் வந்தது. ஏழுமலை தெரு முழுக்க மிக்சர் கொடுத்தான்.

தனம் சொல்லாமல் விட்ட ஒரு விஷயம் இருந்தது. மறுதேர்வுக்குப் போன பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் அழுதுகொண்டே வந்தாளாம். அவளும் பழுப்பு. இவள் பென்சில் குறி போட்ட தாளைக் காட்டிவிட்டாள். அந்தப் பெண் தன் தங்கைக்குச் சொன்னாள், தங்கை தன்னோடு படிக்கிறவர்களுக்கு. யாரோ படம் பிடித்துக் குழுவில் போட்டார்கள். திண்டிவனத்தில் ஒரு பயிற்சி மையம் வாசலில் பேனரே கட்டிவிட்டதாம்: 'தயங்கக் கற்றுத் தரப்படும்.'

ரகு கூப்பிட்டனுப்பியபோது பூங்கோதைக்கு இது எதுவும் தெரியாது. அண்ணி சங்கத்தில் வேலைக்குச் சேர இன்னும் சில நாட்களே இருந்தன. மூன்று மாதமாகச் சரியான தூக்கம் இல்லாதவன் போல ரகுவின் கண் உள்ளே போயிருந்தது.

"உக்காரு கோதை." டேப்பை அவள் பக்கம் திருப்பினான். வரைபடம். அவள் வைத்த அதே புள்ளிகள். இப்போது எல்லாம் பச்சை.

"நல்லதுதானே" என்றாள்.

"எல்லாரும் ஒரே இடத்துல நிக்கறாங்க. வினைச்சொல்லுக்கு முன்னாடி நீளமா ஒரு நிறுத்தம். அப்புறம் ஒரு வார்த்தைய அடிக்கறாங்க. இவ்வளவு பேருக்கும் ஒரே தயக்கம். யாரோட தயக்கம்னு செயலியையே தேடச் சொன்னேன்." அவன் திரையைத் தொட்டான். அவள் சேர்ந்த அன்று எழுதிய பக்கம் வந்தது. அவளுடைய பயம் மொத்தமும் கோடு கோடாக.

பூங்கோதை அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பரமக்குடியிலும் பாப்பிரெட்டிப்பட்டியிலும் யார் யாரோ, அவள் பயந்த இடத்தில் மூச்சை இழுத்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள்.

"எப்படி வெளிய போச்சு?" என்றான் ரகு. "ரெண்டே வழிதான். நீயா வெளிய விட்டிருந்தா அது நம்ம வீட்டு விவகாரம். நீ வேலைய விட்டுப் போற, நான் இத இப்படியே மூடிடறேன். பழைய பச்சையத் தொட மாட்டோம். அடுத்த வருசத்துக்கு மட்டும் செயலிய மாத்திக்குவோம். ஆனா ஒரு தேர்வர் உன் மூலமா பழகி, அவங்க மூலமா பரவியிருந்தா, அது ஆள்மாறாட்டம் மாதிரி. வாரியத்துக்குச் சொல்லியாகணும். அந்த முதல் ஆளோட வேலையும் போகும், பின்னாடி வந்த எல்லாரோடதும் போகும்." கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டான். "உன் அண்ணி மறுதேர்வு எழுதினாங்களா?"

அவள் வாயைத் திறந்தாள்.

"வாயால வேணாம். எழுதிக் குடு, 'தாள்'லயே. சட்டக் குழு, பச்சை வந்த கைச்சான்று இல்லாம எதையும் வாங்க மாட்டாங்க."

பக்கத்து அறையில் அவளைத் தனியாக உட்கார வைத்தார்கள். வெள்ளைத் திரை. ஓரத்தில் பச்சைக் கோடு காத்திருந்தது.

பேனாவை வைத்ததுதான் தெரியும். எத்தனை மாதமாகப் பஸ்ஸில், குளியலறையில், சாப்பாட்டுத் தட்டின் முன்னால் மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பழகியது எல்லாம் வந்தது. எங்கள் பள்ளிக்கூடத்தில் யோசிக்க யாரும் சொல்லித் தரவில்லை. உருப்போடத்தான் சொன்னார்கள், போட்டோம். உங்கள் பிள்ளைகள் நின்று யோசிக்கலாம். அவர்கள் நிற்கும் நேரத்தில் அவர்கள் வீட்டு அடுப்பை வேறு யாரோ பார்த்துக்கொள்கிறார்கள். என் அண்ணி திருடவில்லை. உங்கள் செயலிக்குக் கண் இல்லை என்பதால் நான்தான் அவளுக்கு நிற்கக் கற்றுக்கொடுத்தேன். முதலில் நின்றவள் அவள்தான். அதில் அவளுக்கு ஒரு வெட்கமும் இல்லை, எனக்கும் இல்லை. பக்கம் நிறைந்தது. கை ஒரு இடத்திலும் நிற்கவில்லை. வலித்த மணிக்கட்டுகூட வலிக்கவில்லை.

முற்றுப்புள்ளி வைத்தாள். 

ஓரம் பழுப்பானது.

'இது எழுதியவரின் சொந்தச் சிந்தனை என்று சான்றளிக்க இயலவில்லை. பக்கம் அழிக்கப்படுகிறது. மறுபடி எழுதவும்.'

அவள் வெறித்துப் பார்த்தாள். அவள் வாழ்க்கையில் சொந்தமாக எழுதியது என்றால் அந்த ஒரு பக்கம்தான். ஒரு கெட்ட வார்த்தை தொண்டை வரை வந்தது. திரை மறுபடி வெள்ளையாகிவிட்டது. அப்போதுதான் தான் என்ன எழுதினோம் என்பது உறைத்தது. முதலில் நின்றவள் அவள்தான். தன் கையாலேயே அண்ணியைக் காட்டிக்கொடுத்திருந்தாள். கோபம் வந்தால் அவளுக்கு அண்ணி ஞாபகம் வருவதே இல்லை. உன் கோவத்த வச்சு நான் இன்னா கொழம்பா வைக்கறது.

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மறுபடி பேனாவை எடுத்தாள்.

'என் எழுத்துப் பக்கத்தை நானே...' நின்றாள். என்ன செய்தேன் என்று சொல்வது? 'பெயர் போடாமல் இணையத்தில்...' அடித்தாள். 'ஒரு குழுவில் பதிவிட்டேன்.' எந்தக் குழு என்று கேட்பார்களே. ஜன்னலைப் பார்த்தாள். 'அந்தக் குழு இப்போது இல்லை. தேர்வர்கள் யாரையும்...' மூச்சை இழுத்து விட்டாள். 'எனக்குத் தெரியாது. அவர்களுக்கும் இது எங்கிருந்து வந்தது என்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை.' கடைசி வரிக்குத்தான் ரொம்ப நேரம் ஆனது. இரண்டு தடவை எழுதி இரண்டு தடவை அடித்தாள். 'என் அண்ணி மறுதேர்வு எழுதவில்லை. என்மேல் கோபித்துக்கொண்டு விட்டுவிட்டாள்.'

ஓரம் கடைசி வரைக்கும் பசேலென்று இருந்தது. நடவு முடிந்த வயல் மாதிரி.

ரகு வந்து படித்தான். கடைசி வரியில் அவன் கண் நின்றது. அவளைப் பார்த்தான். பிறகு ஓரத்தைப் பார்த்தான். அவனுக்குச் சந்தேகம் வந்திருக்கும். பதிவு எண்களைத் தேடினால் கிடைத்துவிடும். ஆனால் தேடினால் ஒரு பச்சையை அவனே நம்பவில்லை என்றாகிவிடும். சுவரில் ஒட்டியிருந்தது அவன் எழுதிய வாசகம்.

"பச்சைதான்" என்றான் மெதுவாக. "சரி. நீ கிளம்பலாம்."

அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். டேப்பையும் வாங்கிக்கொண்டார்கள். வாசலுக்கு வந்து அண்ணிக்குப் போன் போட்டாள். கிரைண்டர் சத்தம் கேட்டது.

"வேலை போச்சு அண்ணி. உன்னுது இருக்கு."

கிரைண்டர் நின்றது. "இன்னாடி பண்ண? மறுபடியும் எடுத்தேன் கவுத்தேன்னு பேசிட்டியா?"

"இல்ல. பேசல. எழுதத்தான் சொன்னாங்க."

"இன்னா எழுதுன?"

எதிரே பஸ் வந்துகொண்டிருந்தது. பூங்கோதை கையை நீட்டினாள்.

"இந்தத் தடவ யோசிச்சு எழுதுனேன் அண்ணி."